இரண்டாம் உலகப் போரில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட ஏன் மெடல் ஆஃப் ஹானர் இல்லை?

கேள்வி: 9 ஆகஸ்ட் 2025

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 430க்கும் மேற்பட்டவர்களுக்குத் தன் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரைக் கொடுத்தது. போர் முடிந்தபோது அந்தப் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் சீருடை போட்டிருந்தது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் லாரி ஓட்டினார்கள், சரக்கு இறக்கினார்கள், சமைத்தார்கள். சண்டைக்கே போகாதவர்களுக்கு வீரப் பதக்கம் எப்படிக் கிடைக்கும்? இதில் நிறவெறியை எதற்கு இழுக்க வேண்டும்? 1997-இல் அந்தப் போருக்காக ஏழு கறுப்பின வீரர்களுக்குக் கொடுத்தது அரசியல் கணக்குதானே?

9 ஆகஸ்ட், இரவு

தம்பி, லாரி ஓட்டினார்கள் என்பது சரி. அந்த வேலையை அவர்கள் கேட்டு வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராணுவம் முழுக்க நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவர் துப்பாக்கி பிடித்து நிற்க மாட்டார்கள் என்று மேலிடம் முன்கூட்டியே முடிவு செய்து, அவர்களைப் பின்னால் நிறுத்தியது.

அப்படியும் சண்டையிட்ட யூனிட்டுகள் இருந்தன. இத்தாலியில் 92-ஆம் டிவிஷன். பிரான்சிலும் ஜெர்மனியிலும் 761-ஆம் டாங்க் பட்டாலியன், 183 நாள் போர்முனையில் நின்ற படை அது. டாங்குகளை அடிக்கும் 614-ஆம் பட்டாலியன். 1944 டிசம்பரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தில் திருப்பித் தாக்கியபோது காலாட்படைக்கு ஆள் போதவில்லை. சப்ளை யூனிட்டுகளில் இருந்த கறுப்பின வீரர்களில் விருப்பமுள்ளவர்கள் முன்னால் வரலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சார்ஜென்டாக இருந்தாலும் பட்டையைக் கழற்றிவிட்டு சாதாரண பிரைவேட்டாக வரவேண்டும், ஒரு வெள்ளை வீரனுக்கு அவர் உத்தரவு போடும் நிலை வந்துவிடக் கூடாதாம். 4,000க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். பட்டையையும் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்துச் சண்டைக்கு வந்த ஆட்கள் இவர்கள். இவர்களைச் சண்டைக்கே போகாதவர்கள் என்று எழுதாதீர்கள்.

10 ஆகஸ்ட்

நேற்று விட்டுப்போனதை இன்று சொல்கிறேன். நான் நம் ராணுவத்தில் காலாட்படை யூனிட் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகளோடு நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் இருக்கிறேன். பதக்கம் எப்படி வருகிறது என்பதை டைப்ரைட்டர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வீரம் காட்டினால் பதக்கம் வரும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஒருவன் செய்ததை அவனுடைய அதிகாரி பார்க்க வேண்டும், அல்லது பார்த்தவன் சொல்வதை நம்ப வேண்டும். உட்கார்ந்து சைட்டேஷன், அதாவது அவன் செய்ததை விவரிக்கும் பதக்கப் பரிந்துரை, எழுத வேண்டும். சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது மேலே போகிற ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அதை அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். இதில் எந்த இடத்தில் நின்றாலும் அவன் செய்தது நடக்காத மாதிரிதான்.

வடகிழக்கில் ஒரு மழைக்காலம். ஆற்றைக் கடக்கும்போது கயிறு அறுந்து இரண்டு ஜவான்கள் அடித்துக்கொண்டு போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்து லான்ஸ் நாயக் ஒருவர் குதித்து இருவரையும் இழுத்து வந்தார், தோள்பட்டை பிசகிவிட்டது. அதைப் பார்த்த கம்பெனி கமாண்டருக்கு அந்த வாரமே மாற்றல். புதிதாக வந்தவர் தான் பார்க்காததை எழுத மாட்டேன் என்றார். அந்த லான்ஸ் நாயக்குக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு டைப் செய்தேன். சைட்டேஷன் டைப் செய்ய எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

ஆனால் அது அசிரத்தை. அவர் நிறத்தைப் பார்த்தோ ஊரைப் பார்த்தோ யாரும் நிறுத்தவில்லை. அமெரிக்கப் படையில் நிலைமை வேறு. கறுப்பினக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். அதிலும் தென் மாநிலத்துக்காரர்களைத் தேடிப் போட்டார்கள், அவர்களுக்குத்தான் கறுப்பினத்தவரை 'மேய்க்க'த் தெரியும் என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார்கள். சைட்டேஷன் எழுத வேண்டிய பேனா அந்தக் கையில் இருந்தது. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1993-இல் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்திடம் ஆய்வுப் பணியைக் கொடுத்தது. ஆய்வாளர்கள் கோப்புகளைப் புரட்டிச் சொன்னது இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஒரு கறுப்பின வீரரை இந்தப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்ததாக அதிகாரப்பூர்வமான ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. 'கறுப்பினத்தவருக்குக் கொடுக்காதே' என்று எழுதிய உத்தரவும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு உத்தரவு எதற்கு? யாரும் எழுதவே இல்லை என்றால் யாரும் மறுக்க வேண்டியதும் இல்லை.

10 ஆகஸ்ட், மாலை

மதுரை நண்பர் ஒருவர், 1997-க்கு முன் கறுப்பினத்தவர் யாருமே இந்தப் பதக்கம் பெற்றதில்லை என்று எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே பெற்றிருக்கிறார்கள். 1864 செப்டம்பர் 29-இல் வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட் ஹைட்ஸில் நடந்த ஒரே சண்டைக்காக 14 கறுப்பின வீரர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அடிமையாக இருந்து தப்பி வந்து கடற்படையில் சேர்ந்த ராபர்ட் பிளேக்குக்கு அதே 1864-இல் கிடைத்தது.

வில்லியம் கார்னி கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மாசசூசெட்ஸ் 54-ஆம் ரெஜிமெண்ட், 1863 ஜூலை 18, வாக்னர் கோட்டை. கொடி பிடித்தவர் விழுந்ததும் கார்னி கொடியை எடுத்துக்கொண்டு மதில்வரை போனார். பல இடங்களில் குண்டு பட்டும் கொடியைத் தரையில் படவிடாமல் திரும்பினார். பதக்கம் வந்தது 1900 மே மாதம். அவர் ரெஜிமெண்டுக்கு வெள்ளை வீரர்களைவிடக் குறைந்த சம்பளம். வெள்ளையருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்துக்கொள்வார்கள். அரைக்கூலி வேண்டாம் என்று ஒரு காசும் வாங்காமல் போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது.

11 ஆகஸ்ட்

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது இது உறுத்தியது. 1864-இல் கொடுத்தார்கள். மேற்கில் பஃபலோ சோல்ஜர்கள் என்று பெயர் பெற்ற கறுப்பினக் குதிரைப் படைகளுக்கும் காலாட்படைகளுக்கும் கொடுத்தார்கள். 1898-இல் கியூபாவில் போரிட்ட 10-ஆம் குதிரைப் படைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதன்பின் இரண்டு உலகப் போர்கள் நடந்த காலத்தில் ஒன்றுகூட இல்லை. காலம் போகப் போக நிலைமை மேம்படும் என்று நாம் நினைக்கிற கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. அந்த இடைவெளியில்தான் தென் மாநிலங்கள் ஜிம் குரோ சட்டங்களால் கறுப்பினத்தவரின் ஓட்டையும், ரயில் பெட்டியில் உட்காரும் இடத்தையும் பறித்தன. ராணுவமும் அதே காற்றைத்தான் சுவாசித்தது.

12 ஆகஸ்ட்

முதல் உலகப் போர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியே சொல்கிறேன்.

இந்த ஆல்பனியில் ஹென்றி ஜான்சன் பெயரில் ஒரு சாலை உண்டு. பேத்தியை நூலகத்துக்குக் கூட்டிப் போகும்போது அந்த வழியாகத்தான் போவோம். வாஷிங்டன் பூங்காவில் அவருடைய மார்பளவுச் சிலையும் இருக்கிறது. வந்த புதிதில் யாரோ உள்ளூர் மேயர் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

ஜான்சன் இந்த ஊர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர், உருவத்தில் சிறியவர். ஹார்லெமிலிருந்து போன 369-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். அமெரிக்கத் தளபதிகள் அந்த ரெஜிமெண்டைத் தங்கள் படையோடு நிறுத்த விரும்பாமல் பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தொப்பி, பிரெஞ்சுத் துப்பாக்கி. 1918 மே 15 அதிகாலை இருட்டில் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸும் காவல் நின்றபோது ஜெர்மானியர் ஒரு டஜனுக்கு மேல் வந்து தாக்கினார்கள். ராபர்ட்ஸ் அடிபட்டு விழுந்தார். ஜான்சனின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ராபர்ட்ஸை அவர்கள் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தபோது ஜான்சன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடித்து, அப்புறம் வெட்டுக்கத்தியால் போராடி நண்பரை மீட்டார். உடம்பில் 21 காயம்.

பிரான்ஸ் உடனே இருவருக்கும் குவா த கேர் என்ற தன் வீரப் பதக்கத்தைக் கொடுத்தது. அமெரிக்கா அப்போது எதுவும் கொடுக்கவில்லை. 1919 பிப்ரவரியில் ஐந்தாம் அவென்யூவில் ரெஜிமெண்டுக்குப் பெரிய ஊர்வலம், ஜான்சன் திறந்த காரில் நின்று வந்தார். அடுத்த மாதம் செயின்ட் லூயிஸ் மேடையில், வெள்ளை வீரர்கள் தங்களை எப்படி நடத்தினார்கள் என்று உள்ளதை உள்ளபடி பேசினார். அதன்பின் மேடைகள் அவருக்கு மூடிக்கொண்டன. 1929-இல் வறுமையில் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்பதே ஊரில் தெரியாமல் இருந்து, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் இருக்கிறார் என்று 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பிய ஆல்பனிக்காரர்கள் அவருக்காகப் பல ஆண்டுகள் மனு போட்டார்கள். சாட்சி போதாது என்று திரும்பி வந்தது. கடைசியில், பிரான்சில் இருந்த அமெரிக்கப் படைக்கு உச்சத் தளபதியான பெர்ஷிங் 1918 மே மாதமே அந்தச் சண்டையைக் குறிப்பிட்டு அனுப்பிய செய்தி ஆவணக் குவியலில் கிடைத்தது. 2015 ஜூன் 2-இல் ஒபாமா பதக்கத்தை அறிவித்துக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள ரத்த உறவு யாரும் உறுதியாகவில்லை, நியூயார்க் நேஷனல் கார்டு சார்ஜென்ட் மேஜர் ஒருவர் வாங்கினார். உச்சத் தளபதி கையிலேயே செய்தி இருந்திருக்கிறது. 97 வருஷம்.

12 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

பிரெஞ்சுக்காரர் கொடுத்ததைப் பற்றி ஒரு சேர்க்கை. 1918 ஆகஸ்டில், அமெரிக்கப் படையோடு தொடர்பில் இருந்த பிரெஞ்சு அலுவலகத்திலிருந்து ரகசியச் சுற்றறிக்கை ஒன்று போனது. கறுப்பின அமெரிக்க அதிகாரிகளோடு ஒட்டி உறவாடாதீர்கள், வெள்ளை அமெரிக்கர் காதில் விழும்படி அவர்களை அதிகம் புகழாதீர்கள் என்பது அதன் சாரம். கறுப்பினத் தலைவரும் எழுத்தாளருமான டுபாய்ஸ் 1919 மே மாதம் தன் 'கிரைசிஸ்' இதழில் அதை அப்படியே வெளியிட்டார். வேற்று நாட்டான் புகழ்வதைக்கூடத் தடுக்கப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

14 ஆகஸ்ட்

எழுதாமல் விட்டதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எழுதியதும் தொலைந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

தென் கரோலினாவின் ஃப்ரெடி ஸ்டோவர்ஸ், 371-ஆம் காலாட்படை. 1918 செப்டம்பர் 28, பிரான்சின் 188-ஆம் குன்று. ஜெர்மானியர் சரணடைவதுபோலக் கை தூக்கிவிட்டு, இவர்கள் அருகே வந்ததும் குழிக்குள் குதித்துச் சுட்டார்கள். பாதிக் கம்பெனி விழுந்தது. கார்ப்பொரலான ஸ்டோவர்ஸ் மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு முதல் பதுங்குகுழியைப் பிடித்து, இரண்டாவதுக்குப் போகும்போது அடிபட்டு, அடிபட்ட பிறகும் ஊர்ந்து போய் உற்சாகப்படுத்தி உயிரை விட்டார். அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் பரிந்துரை எழுதப்பட்டது. அது எங்கேயோ தவறிக் கிடந்தது. 1991-இல் அவருடைய சகோதரிகள் இருவர் வெள்ளை மாளிகைக்கு வந்து வாங்கினார்கள்.

டாங்க் படையின் ரூபன் ரிவர்ஸ். 1944 நவம்பரில் பிரான்சில் கண்ணிவெடியில் கால் எலும்பு தெரியக் கிழிந்தது. மார்ஃபின் வேண்டாம், பின்னால் போகவும் மாட்டேன் என்று டாங்குக்குள் ஏறினார். 19-ஆம் தேதி கொல்லப்பட்டார். அவருடைய வெள்ளைக் கேப்டன் டேவிட் வில்லியம்ஸ், தான் அப்போதே பரிந்துரை கொடுத்ததாகச் சொல்லிப் பல பத்தாண்டுகள் போராடினார். எல்லா வெள்ளை அதிகாரிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதற்காகவும் இவரைச் சொல்கிறேன்.

அப்புறம் பாரிஸ் டேவிஸ். வியட்நாம், போங் சோன், 1965 ஜூன். ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் கேப்டன். காயம்பட்ட தன் ஆட்களை விட்டுவிட்டு வா என்று மேலிடம் சொல்லியும் போகாமல் ஒவ்வொருவராக இழுத்து வந்தார். பரிந்துரை போனது, காணாமல் போனது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி காணவில்லை. 2023 மார்ச்சில், 83 வயதில் வாங்கினார். கோப்பு ஒருமுறை தொலைவதை ஒரு கிளார்க்காக நான் ஒத்துக்கொள்வேன். ஒரே ஆளின் கோப்பு இரண்டு முறை தொலைந்தது என்றால் நம்ப மாட்டேன்.

15 ஆகஸ்ட்

பழைய ராணுவக் கோப்புகள் தீ விபத்தில் அழிந்தனவா என்று கேட்டவருக்கு: ஆமாம், 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1912 முதல் 1960 வரையான தரைப்படைக் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. 1944-இல் நேசப்படை பிரான்சில் இறங்கிய ஓமஹா கடற்கரையில் காயத்தோடு 30 மணி நேரம் மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்த வேவர்லி வுட்சனின் குடும்பம் இதனால்தான் இத்தனை காலம் அலைந்தது. 2024 ஜூனில் அடுத்த நிலைப் பதக்கமான டிஸ்டிங்கிஷ்ட் சர்வீஸ் கிராஸ் அவருக்கு வந்தது. அவர் 2005-இலேயே இறந்துவிட்டார்.

17 ஆகஸ்ட்

1997-இன் ஏழு பேர். 'அரசியல் கணக்கு' என்ற சொல்லுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆய்வுக் குழு பத்துப் பெயர்களைக் கொடுத்தது, ராணுவக் குழு பரிசீலித்து ஏழைத் தேர்ந்தது. அரசியல் கணக்கு என்றால் பத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த ஏழு பேரும் என்ன செய்தார்கள் என்று படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள். ஜான் ஃபாக்ஸ், இத்தாலியில் சொம்மொகொலோனியா கிராமம், 1944 டிசம்பர் 26. ஒரு வீட்டு மாடியிலிருந்து பீரங்கிக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மானியர் சூழ்ந்துவிட்டார்கள். தான் நிற்கிற இடத்தையே அடிக்கச் சொன்னார். அந்த முனையில் பேசியவர் அவருடைய நண்பர், தயங்கினார். ஃபாக்ஸ் மறுபடியும் அடிக்கச் சொன்னார். பிறகு கிராமத்தை மீட்டபோது அவர் உடலைச் சுற்றி சுமார் நூறு ஜெர்மானியர் கிடந்தார்கள்.

ஜார்ஜ் வாட்சன் 1943-இல் நியூ கினி அருகே மூழ்கிய கப்பலிலிருந்து, நீந்தத் தெரியாதவர்களைத் தெப்பத்துக்கு இழுத்து இழுத்துக் களைத்து, கப்பல் மூழ்கும் சுழலில் போய்விட்டார். உடலும் கிடைக்கவில்லை. வாங்க உறவினரும் கிடைக்கவில்லை. அவருடைய பதக்கம் ராணுவ அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அவர் குவார்ட்டர்மாஸ்டர் படைக்காரர். சப்ளை ஆள், தம்பி. நீங்கள் சொன்ன அந்த 'சரக்கு இறக்கியவர்'.

விழாவின்போது உயிரோடு இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். 1945 ஏப்ரல் 5, இத்தாலியில் அகினோல்ஃபி கோட்டைக்குப் போகும் குன்று. எந்திரத் துப்பாக்கிக் கூடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனார். வெள்ளைக் கம்பெனி கமாண்டர் துணைக்கு ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனார். யாரும் வரவில்லை. பிளட்டூனில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்.

18 ஆகஸ்ட்

ஏழு பேரில் நம் பக்கத்துத் தொடர்புள்ள ஒருவரைத் தனியாகச் சொல்ல ஆசை. எட்வர்ட் கார்ட்டர். அப்பா கறுப்பின அமெரிக்கப் பாதிரியார், அம்மா கல்கத்தாக்காரர். பையன் வளர்ந்தது கல்கத்தாவிலும் ஷாங்காயிலும். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடிச் சீனப் படையில் சேர்ந்தார். பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவை எதிர்த்த அமெரிக்கத் தன்னார்வலர் படையான ஆபிரகாம் லிங்கன் பிரிகேடில் போரிட்டார். 1941-இல் அமெரிக்கப் படை. நான் முதல் நாள் சொன்னேனே, பட்டையைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் என்று, அவர்களில் இவரும் ஒருவர்.

1945 மார்ச் 23, ஜெர்மனியின் ஷ்பயர் நகருக்கு அருகே. வெட்டவெளியைக் கடக்கும்போது கூட வந்த மூவரும் விழுந்தார்கள். இவருக்கும் பல குண்டு. ஒரு மேட்டுக்குப் பின்னால் படுத்துக் காத்திருந்தார். பிடிக்க வந்த எட்டுப் பேரில் ஆறு பேரைச் சுட்டு, இரண்டு பேரைக் கைதியாக்கி, அவர்களையே மறைப்பாக வைத்துக்கொண்டு திரும்பினார்.

இப்படிப்பட்டவர் 1949-இல் மறுபடி சேரப் போனபோது சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஸ்பெயினில் போரிட்டது, சீனா தெரிந்தது எல்லாம் சேர்ந்து கம்யூனிஸ்ட் சந்தேகம். காரணத்தைக்கூட அவரிடம் சொல்லவில்லை. 1963-இல் புற்றுநோயில் இறந்தார். பதக்கத்துக்குப் பிறகும் மருமகள் விடாமல் கோப்புகளைத் தோண்டினார். 1999-இல் ராணுவம் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், ராணுவம் ஒரு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்பது லேசில் நடக்காது. அந்த மருமகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

21 ஆகஸ்ட்

லூசியானாவில் இருக்கும் போல்க் முகாமுக்கு 2023-இல் ஹென்றி ஜான்சன் பெயரை வைத்தார்கள். இந்த வருஷம் அதை மறுபடி போல்க் ஆக்கிவிட்டார்கள். முன்பு இருந்தது உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் தளபதியாக இருந்தவரின் பெயர், இப்போது வேறொரு போல்க் என்று விளக்கம். அந்த வேறொரு போல்க்கும் நல்ல வீரர்தான், அவரைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 97 வருஷம் காக்க வைத்த ஆளின் பெயரை இரண்டே வருஷத்தில் கழற்ற எப்படி மனசு வந்தது? எனக்கு இது வலிக்கிறது.

மார்ச்சில் வேறொன்று நடந்தது. வியட்நாமில் பதக்கம் பெற்ற ஜெனரல் சார்லஸ் ராஜர்ஸ் பற்றிய பக்கத்தைப் பாதுகாப்புத் துறை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் திரும்ப வைத்தார்கள்.

22 ஆகஸ்ட்

'1948-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா' என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அந்த வருஷம் அதிபர் ட்ரூமன் படைகளில் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு போட்டார். அவரை அந்த உத்தரவுக்குத் தள்ளிய சம்பவங்களில் ஒன்று, 1946-இல் படையிலிருந்து விடுபட்டுச் சீருடையோடு பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்த சார்ஜென்ட் ஐசக் வுடார்டை தென் கரோலினாவில் போலீஸ் அதிகாரி அடித்து இரு கண்ணையும் போக்கியது. நடுவர் குழு அந்த அதிகாரியை விடுதலை செய்தது.

கொரியப் போர் நடந்த காலத்திலேயே கறுப்பின வீரர்கள் இருவருக்குப் பதக்கம் கிடைத்தது. அவர்களில் கார்னிலியஸ் சார்ல்டனின் உடலை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் வைத்தது 2008-இல்தான். ஈராக்கில் 2005-இல் எரியும் வண்டிக்குள் திரும்பத் திரும்பப் போய்த் தன் ஆட்களை வெளியே எடுத்து, அந்தத் தீக்காயத்திலேயே இறந்த ஆல்வின் கேஷுக்கு முதலில் அதைவிடக் கீழ்நிலைப் பதக்கமான சில்வர் ஸ்டார்தான் எழுதினார்கள். எழுதிய அதிகாரியே, முழுவதும் தெரிந்த பிறகு, அது போதாது என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 டிசம்பரில் மெடல் ஆஃப் ஹானராக உயர்த்தினார்கள்.

25 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி, வாட்சனைப் பற்றிப் படித்ததாகவும், கடற்படையில் இப்படி யாரும் உண்டா என்றும் எழுதியிருக்கிறார். உண்டு. டோரி மில்லர். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர், வெஸ்ட் வர்ஜீனியா கப்பல். கறுப்பினத்தவருக்குக் கடற்படையில் சாப்பாட்டு அறை வேலைதான் என்பதால் அவர் சலவைத் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். குண்டு விழுந்ததும் அடிபட்ட கேப்டனைத் தூக்க உதவிவிட்டு, யாரும் பழக்கிக் கொடுக்காத எந்திரத் துப்பாக்கியைப் பிடித்து விமானங்களைச் சுட்டார். கடற்படை முதலில் பெயரே சொல்லாமல் 'ஒரு நீக்ரோ பணியாள்' என்றது. பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகை விடாமல் தேடிப் பெயரைப் போட்டது. 1942 மே மாதம், மெடல் ஆஃப் ஹானருக்குக் கீழான நேவி கிராஸ் கிடைத்தது. 1943 நவம்பரில் வேறொரு கப்பலோடு மூழ்கினார்.

இப்போது கட்டிவரும் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மனசார மகிழ்ச்சி. ஆனால் இரண்டாம் உலகப் போருக்காகக் கடற்படையிலிருந்து ஒரு கறுப்பினத்தவருக்கும் இன்றுவரை மெடல் ஆஃப் ஹானர் இல்லை. தரைப்படைக்கு 1993-இல் செய்தது போல, கோப்புகளை முழுசாகத் திறந்து மில்லர் பெயரை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நாடாளுமன்றத்தில் இதற்கு மசோதா போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓட்டுள்ள நம்மவர்கள் தங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதலாம். என் மகளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் இந்த வாரம் எழுதுகிறாள்.